இரண்டு ஒற்றைக் கூடாரங்கள்

"ரெண்டு நாளைக்குத்தானே? நான் அந்த ரூம்ல படுத்துக்கறேன்."

"உங்க இருமல் நிக்கிற வரைக்கும்தான். எனக்குக் காலையில ஆறு மணிக்கு டூட்டி. தூங்காமப் போய் ஊசி குத்தினா கை நடுங்கும்."

"இருமலா, குறட்டையா? உண்மையைச் சொல்லு."

"ரெண்டும்தான்."

"அப்ப இருமலுக்கு ரெண்டு நாள், குறட்டைக்கு ரெண்டு நாள். மொத்தம் நாலு," என்று சொல்லிவிட்டு அவர் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. காரின் முன்சீட்டில், மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவளுக்கு அந்தப் பேச்சு ஒரு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருந்தது. இருமல் நின்றுவிட்டது. ஆனால் போன தலையணை திரும்பி வரவில்லை. கல்யாணமாகிப் போன மகளின் அறை அது. முதலில் தலையணை, பிறகு போர்வை, பிறகு ரேடியோ, பிறகு மூக்குக் கண்ணாடி வைக்க ஒரு முக்காலி என்று ஒவ்வொன்றாக அங்கே குடியேறின. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த வருடம் அவளும் ஓய்வு பெற்றாள். ஆறு மணி டூட்டி என்ற காரணமும் போயிற்று. அப்போதாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சண்டையெல்லாம் இல்லை. தினமும் இரவு படுக்கும்போது அவர் சுவரில் இரண்டு முறை தட்டுவார். இந்தப் பக்கத்திலிருந்து அவளும் இரண்டு முறை தட்டுவாள். அவர் முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று வேலை செய்யும்போது, இரும்பில் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினால் 'நான் பத்திரமா இருக்கேன்' என்று அர்த்தமாம். அந்தப் பழக்கம் வீட்டுச் சுவருக்கும் வந்துவிட்டது. அதை நினைத்தால்தான் அவளுக்குச் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும். தட்டுகிற கை நாலடி தூரத்தில் இருக்கிறது, நடுவில் செங்கல்.

கேட்டால் வரமாட்டேன் என்று சொல்லக்கூடியவர் இல்லை அவர். ஆனால், "எதுக்கு? இப்படியே நல்லாத்தானே இருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டால்? அறுபத்து மூன்று வயதில் இதை எந்த முகத்தோடு விளக்குவது?

போன மாதம் முப்பத்தெட்டாவது திருமண நாளுக்கு மகள் ஒரு பெரிய பெட்டியோடு வந்தாள். "எப்பப் பார்த்தாலும் டிவியில காட்டையே பாத்துட்டு இருக்கீங்க. ஒரு தடவை போய்த்தான் பாருங்களேன்" என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இரண்டு சின்னக் கூடாரங்கள். ஆளுக்கு ஒன்று.

"ரெண்டு எதுக்குடி?" என்றாள் இவள்.

"அப்பா குறட்டைக்குப் பக்கத்துல நீ எப்படிம்மா தூங்குவே? நல்லா யோசிச்சுத்தான் வாங்கினேன்."

"உன் அம்மாவுக்குத் தனி வீடு கட்டிக் குடுக்கணும்னு எனக்கும் ரொம்ப நாள் ஆசை. இவ்வளவு மலிவா முடியும்னு தெரியாமப் போச்சு," என்றார் அவர். அப்பாவும் மகளும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். பெற்ற மகளே பெற்றோரை இரண்டு தனி ஆட்களாகக் கணக்கு வைத்திருக்கிறாள் என்பது அன்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் அவர் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, கூடாரங்களின் பாகங்களை வரிசையாக அடுக்கினார். கம்பி எட்டு, முளை பன்னிரண்டு, கயிறு ஆறு, குமிழ் இரண்டு. குமிழ் என்பது கூடாரத்தின் உச்சியில் நான்கு கம்பிகளும் வந்து சேருகிற, நான்கு துளை உள்ள கருப்புப் பிளாஸ்டிக் துண்டு. அது இல்லாவிட்டால் கூடாரம் வெறும் துணி மூட்டை. ஒவ்வொன்றாகத் துணிப்பைக்குள் போட்டு, போட்ட பிறகே பட்டியலில் டிக் போட்டார். கடைசியில் பையின் வாயைத் தன் வழக்கமான இரட்டை முடிச்சால் கட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

அவர் கதவைச் சாத்திய சத்தம் கேட்டதும் அவள் முடிச்சை அவிழ்த்தாள். ஒரு குமிழை எடுத்து மருந்துப் பைக்குள், ரத்த அழுத்த மாத்திரைக்கும் முழங்கால் தைலத்துக்கும் நடுவில் திணித்தாள். பிறகு அதே முடிச்சைப் போட்டாள். முப்பத்தெட்டு வருடத்தில் அதைக்கூடவா கற்றிருக்க மாட்டாள்?

யோசனை அவருடையதுதான். லிஃப்டில் வேலை நடக்கும்போது அவர் ஃபியூஸைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "போர்டு மாட்டினாப் போதாது. எவனாவது வந்து ஆன் பண்ணிடுவான். வேலை முடியற வரைக்கும் ஃபியூஸ் மெக்கானிக் பாக்கெட்லதான் இருக்கணும்," என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அவளுடைய வேலையும் இன்னும் முடியவில்லை. அதனால் குமிழ் அவளிடம்.

மீதியை அவள் மனசுக்குள் பலமுறை நடத்திப் பார்த்துவிட்டாள். குமிழைக் காணோம் என்றதும் அவர் தலையைச் சொறிவார். தன்னையே நாலு திட்டு திட்டிக்கொள்வார். பிறகு, "சரி, கொஞ்சம் தள்ளிப் படு," என்பார். அவ்வளவுதான். அதன் பிறகு பேச்சு தானாக வரும்.

தேசியப் பூங்காவின் வாசலில் தொப்பி போட்ட ஒரு ரேஞ்சர் பெண் அவர்களுடைய அனுமதிச் சீட்டைப் பார்த்தாள். சாப்பாட்டுச் சாமான் எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது, இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும், மிருகங்களுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை என்று வரிசையாகச் சொன்னாள். பிறகு சீட்டை மறுபடி பார்த்தாள்.

"ரெண்டு டென்ட்டுன்னு போட்டிருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம்தானே?"

"முப்பத்தெட்டு வருஷமா. ஆனா இன்னும் சோதனை ஓட்டம்தான். சர்டிஃபிகேட் இவ கையில இருக்கு, தரமாட்டேங்கறா," என்றார் அவர்.

ரேஞ்சர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவள் மடியிலிருந்த மருந்துப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஓடைக்கு மேலே, நான்கு உயரமான மரங்களுக்கு நடுவில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. மணி நாலு. வெயில் இலைகளுக்கு நடுவே சில்லறை சில்லறையாக விழுந்துகொண்டிருந்தது. "முதல்ல உன்னோடதை நிறுத்திடறேன்," என்று அவர் வேலையைத் தொடங்கினார். பத்து நிமிடத்தில் அவளுடைய கூடாரம் நிமிர்ந்து நின்றது. அடுத்ததை விரித்தார். நான்கு கம்பிகளையும் கோத்தார். பைக்குள் கையை விட்டார். துழாவினார். பையைக் கவிழ்த்துக் கொட்டினார்.

"குமிழ் ஒண்ணைக் காணோம்."

"நல்லாப் பாருங்க," என்றாள் அவள். குரல் சரியாகத்தான் இருந்தது.

அவர் மண்டியிட்டு எல்லாவற்றையும் மறுபடி எண்ணினார். முளைகளை ஒரு பக்கம், கயிறுகளை ஒரு பக்கம் அடுக்கினார். பையை உள்புறம் வெளியே வரத் திருப்பித் தையலைத் தடவிப் பார்த்தார். காரைத் திறந்து சீட்டுக்கு அடியில் தேடிவிட்டு வந்தார். அவர் தலையைச் சொறியவும் இல்லை, திட்டிக்கொள்ளவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து விரித்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டிக் போட்டிருக்கேன்," என்றார்.

"சரி விடுங்க. எங்கயாவது விழுந்திருக்கும்."

"எப்படி விழும்? பை கிழியல. முடிச்சு நான் போட்ட முடிச்சு. இங்க வந்துதான் அவுத்தேன்." அவர் பட்டியலை அவளிடம் நீட்டினார். "குமிழ் ரெண்டுன்னு எழுதி டிக் போட்டிருக்கேன் பாரு. உள்ள போடாமலேயே டிக் போட்டிருக்கேன்."

அவர் வாழ்க்கையில் போட்ட டிக்குகள் எத்தனை ஆயிரம் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் பார்க்காமல் ஒரு டிக் கூடப் போட்டதில்லை என்று தெரியும். ஒரு பொய் டிக் என்றால் பத்தாவது மாடியில் ஒரு குடும்பம் தொங்கும் என்பார். வேலையில் சேர்ந்த பையன் ஒருவன் பார்க்காமல் டிக் போட்டதற்காக மூன்று நாள் அவனோடு பேசாமல் இருந்தவர்.

"அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது," என்றார் அவர்.

அவருடைய அண்ணன் கணக்கு வாத்தியார். முதலில் குழாயை மூட மறந்தார். பிறகு பரீட்சைத் தாள்களைத் திருத்தாமலேயே மதிப்பெண் போட்டார். கடைசியில் பக்கத்து வீட்டு வாசலில் நின்று, இது என் வீடு, கதவைத் திற என்று சத்தம் போட்டார். அந்த வாசலிலிருந்து அண்ணனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தவர் இவர்தான்.

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். சொன்னால், "ஏன் எடுத்தே?" என்று கேட்பார். அந்த 'ஏன்' என்பதை நினைத்ததும் திறந்த வாயை மூடிக்கொண்டாள். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். சூப்பைச் சுட வைத்து, ரொட்டியோடு குடித்தார்கள். பாத்திரம் கழுவிய பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். பாத்திரமும் கழுவியாயிற்று. உணவுப் பையை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர், பூட்டை நான்கு முறை இழுத்துப் பார்த்தார். நான்காவது முறை இழுத்தபோது அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருட்டியதும் ஒருவருக்கான கூடாரத்துக்குள் இருவரும் நுழைந்தார்கள். முழங்காலும் முதுகும் இடித்துக்கொண்டன. "இடம் பத்துதா?" என்று மட்டும் கேட்டார். "பத்துது," என்றாள். சுவர் இல்லாத அந்த இடத்தில் அவர் கை பழக்கத்தில் தரையை இரண்டு முறை தட்டியது. அவள் அவர் தோளில் இரண்டு முறை தட்டினாள். விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடக்கப் போகிறோம் என்று நினைத்தவள், எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

விழித்தபோது பொழுது நன்றாக விடிந்திருந்தது. அவருடைய கம்பளிச் சட்டை அவள் மேல் கிடந்தது. வெளியே அவர் ஒரு மரத்துண்டின் மேல் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் டீத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"ராத்திரி குறட்டை விட்டேனா?"

"மரத்துல இருந்த பறவையெல்லாம் வேற காட்டுக்குப் போயிடுச்சு."

எப்போதும்போல் அவர் ஒரு பதில் கொடுப்பார் என்று காத்திருந்தாள். கொடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"திரும்பிப் போகும்போது நீ ஓட்டு. இனிமே நீயே ஓட்டு. அப்புறம் நம்ம பில்டிங் லிஃப்டை மாசாமாசம் செக் பண்ணி, கார்டுல நான்தானே கையெழுத்துப் போடறேன், அதையும் நிறுத்திக்கறேன்னு செக்ரட்டரிகிட்ட சொல்லிடணும். எட்டு மாடி. குழந்தைங்க போகுது வருது."

"ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காகவா?"

"ஒரு டிக்குக்காக," என்றார். "ராத்திரி ரொம்ப நேரம் யோசிச்சேன். போன வாரம் கண்ணாடியைத் தலையில வச்சுக்கிட்டே தேடினேன். அதுக்கு முந்தின வாரம் பால்காரர் பேர் வரல. நீ சிரிச்சே, நானும் சிரிச்சேன். திங்கக்கிழமை டாக்டர்கிட்டப் போவோம். மககிட்ட இப்பச் சொல்ல வேண்டாம்." டீயை ஊற்றி அவளிடம் கொடுத்தார். "சரி, வந்தது வந்தோம். மலை ஏறிட்டே போயிடலாம்."

ஐந்து கிலோமீட்டர் பாதை. உச்சியிலிருந்து பார்த்தால் ஏரி தெரியும் என்று ஒரு வாரமாக வரைபடத்தை வைத்துக்கொண்டு அவர்தான் பாடம் எடுத்திருந்தார். எங்கே போனாலும் பத்தடி முன்னால் நடந்து, "என்ன, வண்டி நடுவுல நின்னுடுச்சா?" என்று திரும்பிக் கேட்பது அவர் வழக்கம். இன்று அவர் பின்னால் வந்தார். ஊன்றுகோல் கல்லில் படும் சத்தம் மட்டும் அவளைத் தொடர்ந்தது. பாதை ஓரத்தில் விழுந்து கிடந்த மரத்தில் காளான்கள் தட்டுத் தட்டாக முளைத்திருந்தன. எதிரே இறங்கி வந்த ஒரு இளம் ஜோடி வணக்கம் சொல்லிவிட்டுப் போனது. எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அவளால் எதையும் பார்க்க முடியவில்லை. மருந்துப் பை தோளில் கல்லாகக் கனத்தது.

மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் ரத்தம் எடுத்தவள் அவள். எத்தனை பயந்தவர்களைப் பார்த்திருக்கிறாள். "சுருக்குன்னு ஒரு வலி, அவ்வளவுதான்," என்று சொல்லிக்கொண்டே, அவர்கள் மூச்சு விடுவதற்குள் எடுத்து முடித்துவிடுவாள். ஊசியைக் காட்டிக்கொண்டே நிற்கும் புதுப் பெண்களை, "நீ தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவங்களுக்குத்தான் வலி," என்று அதட்டியிருக்கிறாள். இப்போது நேற்று மாலை நாலரை மணியிலிருந்து ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது அவள்தான்.

மூன்றாவது கிலோமீட்டரில் பாதை இரண்டாகப் பிரிந்தது. நடுவில் ஒரு பலகை. 'ஏரிக் காட்சி' என்று வலது பக்கம் ஒரு பெரிய அம்பு.

அவர் பலகைக்கு முன்னால் நின்றார். அம்பைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் போகணும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பலகைக்குப் பக்கத்தில் இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்தாள். மருந்துப் பையின் ஜிப்பை இழுத்தாள். மாத்திரை அட்டையும் தைலமும் கீழே விழுந்தன. குமிழை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். கட்டைவிரலால் நான்கு துளைகளையும் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"நீங்க பைக்குள்ள போட்டீங்க," என்றாள் அவள். "போட்டுட்டுத்தான் டிக் போட்டீங்க. நீங்க குளிக்கப் போனப்ப நான் எடுத்தேன்."

"முடிச்சு?"

"நான் போட்டது."

"என் முடிச்சு மாதிரியே இருந்துச்சே."

"பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்."

அவர் மறுபடி குமிழைப் பார்த்தார். "அப்ப அந்த டிக் சரி."

"சரி."

"நான் எதையும் மறக்கல."

"இல்லங்க. கண்ணாடியைத் தலையில வச்சுக்கிட்டுத் தேடறது கல்யாணமான புதுசுலயே நீங்க பண்ணினதுதான். பால்காரர் பேர் எனக்கும் தெரியாது."

அவர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தமும் ஒரே தடவையில் வெளியே வந்ததுபோல் இருந்தது. இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்து அவள் அவர் கையை விலக்கினாள். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்போடு கண்ணிலிருந்து தண்ணீரும் வழிந்துகொண்டிருந்தது.

"அடிப்பாவி," என்றார். "பாதி ராத்திரி பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பாத்துக்கிட்டுக் கிடந்தேன்."

"வந்துச்சா?"

"தலைகீழாக்கூட வந்துச்சு. அப்பவும் நம்பிக்கை வரல."

"என்னை மன்னிச்சுடுங்க. நீங்க சிரிச்சுட்டு விட்டுடுவீங்கன்னு நினைச்சேன். இப்படி ஆகும்னு நினைக்கல."

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பாக்கலாம். முதல்ல சாவியைக் குடு." கையை நீட்டிச் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, அதன் மேல் ஒரு தட்டு தட்டிக்கொண்டார். "நீ ஓட்டினா வீட்டுக்குப் போறதுக்குள்ள எனக்கு நிஜமாவே ஏதாவது வந்துடும்." கீழே விழுந்த மாத்திரை அட்டையையும் தைலத்தையும் குனிந்து பொறுக்கினார். நேற்று மாலைக்குப் பிறகு அவர் முதுகு இப்போதுதான் பழையபடி நிமிர்ந்திருந்தது. சுற்றிலும் ஏதோ ஒரு பறவை விடாமல் கூவிக்கொண்டிருப்பது அவளுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

பொருள்களைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிய பிறகு அவர் திரும்பினார்.

"சரி, ஏன் எடுத்தே?"

வந்துவிட்டது. அவள் பலகையின் அம்பைப் பார்த்தாள்.

"லிஃப்ட்ல வேலை செய்யும்போது ஃபியூஸை எதுக்குப் பாக்கெட்ல போட்டுக்குவீங்க?"

"வேலை முடியறதுக்குள்ள எவனும் ஆன் பண்ணிடக் கூடாதுன்னு."

"அதுக்குத்தான் நானும் எடுத்தேன்."

"உனக்கு என்ன வேலை முடியல?"

அவள் புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள். அவர் காத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்து அவருக்கு ஏதோ கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும். குமிழை பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, அவள் கையைத் தன் பக்கம் இழுத்து, ரத்தம் எடுப்பவர்களைப்போல முழங்கையின் உள்பக்கத்தை மேலே திருப்பி வைத்துக்கொண்டார்.

"சுருக்குன்னு ஒரு வலி, அவ்வளவுதான்," என்றார். "சொல்லிடு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சிரிப்பாக, ஒன்பது வருடமாக நாக்கு நுனியில் இருந்ததும் வந்தது.

"அந்த ரெண்டு நாள் முடிஞ்சு ரொம்ப நாளாச்சுங்க. தலையணையை எடுத்துக்கிட்டு நம்ம ரூமுக்கு வந்துடுங்க."